வரிசையில் என் மட்டை

மூன்றாவதாக இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், மறுபடியும் பார்க்கிறேன், மூன்றாவதுதான். கண்ணை எடுத்தால் ஓடிப்போக மட்டை என்ன கோழியா. சுவரோரம் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாகப் பன்னிரண்டு இடுக்கு. பிக்கிள்பால், டென்னிஸைச் சின்னதாக்கின மாதிரி ஓர் ஆட்டம், அதை ஆட வருகிறவர்கள் மட்டையை அதில் சொருகிவிட்டு இந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார வேண்டும். உள்ளே ஆட்டம் முடிந்தால் ஆடிய நாலு பேரும் வெளியே, பலகையின் முதல் நாலு மட்டைக்காரர்கள் உள்ளே. யார், எவர், எத்தனை வருஷப் பழக்கம் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. ரேஷன் கடை வாசலில் பை வைத்து இடம் பிடிப்பதுதான், பாமாயிலுக்குப் பதில் பதினோரு பாயிண்டு. எனக்கு முன்னால் ஒரு கறுப்பு மட்டை, ஒரு சிவப்பு மட்டை. எனக்குப் பின்னால் நாலாவதாக என் சிநேகிதன் கோதண்டத்தினுடையது. அப்படியானால் அடுத்த ஆட்டத்தில் நான் இருக்கிறேன். இருக்கிறேனா? இருக்கிறேன். உள்ளே எங்களோடு வந்த ஸ்டெல்லா சிஸ்டர் யாரோ ஒரு பையனைப் பார்த்து "குனிஞ்சு அடி, குனிஞ்சு அடி, ஊசியா போடப் போறேன்" என்று அதட்டுகிறார். ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்த குரல், ஓய்வு பெற்றும் ஓயவில்லை. அவரோடு ஆடும் எங்கள் ஹுமாயூன் பாய் சிரிக்கிறார். வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இருவருக்கும் இங்கே எல்லாரையும் தெரிந்துவிட்டது. எனக்கு இந்த பெஞ்சைத் தெரியும். இடது ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, உட்கார்ந்தால் குத்துகிறது. இந்த இடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே குறை அதுதான்.

வேறு குறை இருக்கிறதா என்று ஆறு மணியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். தரை சரியில்லை என்று சொல்லலாம் என்றால் நீலப் பெயின்ட் அடித்து வழவழப்பும் இல்லாமல் சொரசொரப்பும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லலாம் என்றால் கோர்ட்டை வடக்கு தெற்காகப் போட்டிருக்கிறார்கள். நாய் இருக்கும் என்று நம்பினேன். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுத்தவன் நான், வில்லிவாக்கத்திலிருந்து கொரட்டூர் வரை எந்தக் கேட்டுக்குப் பின்னால் எந்த நாய் என்று என் காலுக்குத் தெரியும், இங்கே ஒரு பூனைகூட இல்லை. கழிப்பறையாவது நாறும் என்று போய்ப் பார்த்தேன். பினாயில் வாசனை, பக்கெட்டில் தண்ணீர், கொக்கியில் துண்டு. எனக்கு அழுகை வந்தது. இதைக் கண்டுபிடித்தது நானாக இருந்திருந்தால் இந்நேரம் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்திருப்பேன். கண்டுபிடித்தது ஹுமாயூன் பாய், அதுவும் போனில், அதுவும் ரெண்டே நிமிஷத்தில். "சிகாமணி சார், சும்மா தட்டிப் பாத்தேன், முகப்பேர்லயே ஒண்ணு காட்டுது, நாளைக்குப் போயிடலாமா?" என்றார். சும்மா தட்டினாராம். நான் ஒன்றரை வருஷமாக வெயிலில் அலைந்து, வாட்ச்மேன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு தடவை சுவரேறிக் குதித்து பேண்ட் கிழிந்து, இந்த ஊரில் பதினாலு இடம் பிடித்தேன். பதினாலிலிருந்தும் துரத்தப்பட்டோம் என்பது வேறு விஷயம். துரத்தினால்தானே அடுத்த இடம் தேட வேண்டும், அடுத்த இடம் தேட வேண்டும் என்றால்தானே சிகாமணி வேண்டும்.

முதல் இடம் கோதண்டம் குடியிருக்கும் அடுக்கு மாடியின் கார் நிறுத்தும் இடம். கோதண்டம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன், பவர் போடுகிற கண்ணாடி, எனக்கு இருபத்தைந்து வருஷ சிநேகிதம், என் மூக்கில் இருப்பது அவன் கொடுத்ததுதான். இந்த ஆட்டத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, மட்டையில் பட்டால் டொக்கென்று ஒரு சத்தம், கதவைத் தட்டுகிற அதே சத்தம். முதல் மாடி ஆடிட்டர் ஒரே காலையில் பதினோரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவது தடவை இறங்கி வந்துவிட்டார். அங்கிருந்து ஒரு மொட்டை மாடி, பந்து பக்கத்து வீட்டு வடகத்தில் விழுந்தது, வடகத்துக்குச் சொந்தக்காரி வடகத்தைக் காட்டவில்லை, விளக்குமாற்றைக் காட்டினாள். அப்புறம் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி. அங்கே தரையில் கோடு போடச் சுண்ணாம்புக்கட்டி ஒட்டவில்லை, ஸ்டெல்லா வீட்டிலிருந்து கோலமாவு கொண்டு வந்தார், அசல் பச்சரிசி மாவு, மூன்றாவது ஆட்டத்துக்குள் எறும்புகள் எல்லைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கோதண்டத்துக்கும் பாய்க்கும் சண்டை, கோடு இருந்த இடத்தை எறும்புப் புற்றுவரை தொடர்ந்து போய் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். என் தீர்ப்பை மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது, இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், இருந்ததே நாலு பேர். நாலே பேர் இருக்கும் இடத்தில் நாலாவது ஆளை எவனாலும் கழற்றிவிட முடியாது. என் ஆட்டம் எப்படி என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

என் ஆட்டம் எப்படி என்று எனக்குத் தெரியும். வலைக்கு முன்னால் ஏழடிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கும், அதற்குப் பெயர் கிச்சன், அதற்குள் நின்றுகொண்டு பந்தைக் கீழே விழவிடாமல் அடிக்கக் கூடாது. இந்த ஆட்டத்தில் இருப்பதே அந்த ஒரு விதிதான், என் கால் அந்த ஒரு விதியைத்தான் மீறும். நான் சொன்னால் கேட்காது. பந்து உயரே வருவதைப் பார்த்ததும் வலது கால் தானாக உள்ளே போய்விடும். வீட்டில் ஒருநாள் வருத்தத்தில் இதைச் சொல்லித் தொலைத்தேன். மரகதம் கரண்டியோடு திரும்பிப் பார்த்து, "கல்யாணமாகி முப்பது வருஷத்துல இந்த வீட்டுக் கிச்சன்ல ஒரு நாளு காலு வெச்சதில்ல. அங்க போயி வெக்கிறீங்களாக்கும், வேணாம் வேணாங்கறப்ப" என்றாள். இன்றைக்குக் காலை முதல் ஆட்டத்தில் மட்டும் ஐந்து தடவை வைத்தேன். நானும் கோதண்டமும் ஒரு பக்கம், புதுசாகக் கல்யாணமான மாதிரி ஒரு ஜோடி எதிர்ப்பக்கம், பதினொன்றுக்கு இரண்டு. அந்த இரண்டும் அந்தப் பெண் பாவம் பார்த்து வெளியே அடித்தது. இதே பெஞ்சில் உட்கார்ந்து கையில்லாத பனியன் போட்ட ஒருவன் அதை முழுசாகப் பார்த்தான். கறுப்பு மட்டைக்காரன். ஒவ்வொரு தடவை என் கால் உள்ளே போனபோதும் பல்வலி வந்தவன் மாதிரி உஸ் என்றான். பக்கத்திலிருந்த சிவப்பு மட்டைக்காரனிடம் ஏதோ சொன்னான். என்னைப் பற்றித்தான் என்று எப்படிச் சொல்ல முடியும், பக்கத்து வீட்டைப் பற்றி இருக்கலாம், பெட்ரோல் விலையைப் பற்றி இருக்கலாம், என்னைப் பற்றித்தான்.

நாங்கள் ஆடிய கல்யாண மண்டபத்துக்கு இந்தப் பனியன் வந்திருந்தால் தெரிந்திருக்கும். அது என் ராஜ்ஜியம். ஆடி மாசத்தில் கல்யாணம் கிடையாது, எல்லா மண்டபமும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், சாப்பாட்டு ஹாலில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளினால் உயரமான கூரை, காற்றில்லாத இடம், ஆறு ஃபேன். இந்த யோசனை இந்தச் சென்னைப் பட்டணத்தில் வேறு எவனுக்காவது வந்ததா? மேனேஜர் என் மீட்டர் காலத்துப் பழக்கம். "ஆடிதானே சார், யாரு வரப்போறா. சேரை மட்டும் உடைக்காதீங்க" என்றார். தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் இல்லையென்று தேதிவாரியாகப் பார்த்துப் பார்த்து மூன்று வாரம் ஆடினோம். முகூர்த்தம் பார்க்காமல் வருகிற விருந்து ஒன்று உண்டு என்பது நாலு பேர் மண்டைக்கும் எட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொண்டிருக்கிறோம், வடை வாசனை, பக்கத்து ஓட்டல் என்று நினைத்தோம், திடீரென்று கதவு திறந்து அறுபது எழுபது பேர் உள்ளே வருகிறார்கள், முன்னால் ஒரு படம், மாலை போட்டு. பதினாறாம் நாள் காரியம். நாங்கள் அரை டிராயரில். கோதண்டம் வியர்த்துக் கண் சிவந்து மூச்சு வாங்கி நின்றான், ஒரு பெரியவர் நேரே போய் அவனைக் கட்டிக்கொண்டு, "எப்பிடி எளைச்சுட்டியேப்பா, போட்டது போட்டபடி ஓடி வந்தியா, அண்ணன் இதைப் பாக்க இல்லியே" என்று அழ, கோதண்டமும் என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுவிட்டான். ஸ்டெல்லா இறந்தவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து நாடி பார்த்தார். ஹுமாயூன் பாய் வலையைச் சுருட்டி மேஜைக்கு அடியில் திணித்தார். நான் இரண்டாவது பந்திக்கு அப்பளம் வைத்தேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார், கோதண்டம் என் தோளில் அடித்து அடித்து, "யோவ், உன்ன மாதிரி எடம் பாக்க ஒருத்தன் பொறந்துதான் வரணும்யா" என்றான். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆபீஸில் சொன்னதில்லை, வீட்டில் சொன்னதில்லை. இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பனியன்காரன் எழுந்துவிட்டான். தண்ணீர் குடிக்கத்தானே. தண்ணீர் பானை அந்தப் பக்கம், அவன் போவது பலகைப் பக்கம். கறுப்பு மட்டையை எடுக்கிறான், கைப்பிடியில் ஊதுகிறான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், ஏதோ வெடிப்பு விட்டிருக்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கிறான், பிறகு ரொம்ப யோசனையாகக் கொண்டுபோய்க் கடைசியில் சொருகுகிறான். இப்போதுதான் வந்த ஓர் அப்பாவும் மகளும், பேங்க் வேலைக்குப் போகிற அவசரத்தில் சட்டையை இன் பண்ணிக்கொண்டே வந்த ஒருவரும் வைத்த மட்டைகளுக்கு அப்பால். அடுத்த நிமிஷம் சிவப்பும் போய்விட்டது. அதுவும் ஊதப்பட்டது. ஆக, இதுதான் இங்கத்து முறை. ஒருவரை வேண்டாம் என்று இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை, மட்டையை ஊதுகிறார்கள். நான் முதலிடத்துக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை எதிலும் எனக்கு இவ்வளவு சுலபமாக முதலிடம் கிடைத்ததில்லை. காது சூடாகிறது. மரகதம் தந்த பாட்டிலைத் திறந்து குடிக்கிறேன், சீரகத் தண்ணீர், அதுவும் சூடு. போகட்டும், பின்னால் கோதண்டம் இருக்கிறான். நாங்கள் இரண்டு பேர் உள்ளே போனால் போதும், அந்த அப்பாவும் மகளும் என்னைப் பார்க்கவில்லை, அவர்களுக்கு எதுவும் தெரியாது, காலைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினால், வலது காலை மட்டும், ஏழு பாயிண்டு எடுத்தால், வேண்டாம், ஐந்து எடுத்தால் நாளைக்கும் வரலாம். எடுக்காவிட்டால் நாளைக்கு நான் இங்கே எதற்காக வர வேண்டும், மூன்று பேர் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டவா? கோதண்டம் எழுந்திருக்கிறான். "சிகா, சுகர் மாத்திரை போட மறந்துட்டேன்யா. நீ இருந்து ஆடு, நான் அடுத்ததுல வரேன்" என்கிறான். மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான், எட்டரைக்கு, எனக்குத் தெரியாதா, அந்த மாத்திரைச் சீட்டை வாங்கிக் கொடுத்தவனே நான்தானே. அவன் மட்டையை ஊதவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எடுத்தான், என்னைப் பார்க்காமல் கொண்டுபோய்ப் பேங்க்காரர் மட்டைக்கு அந்தப் பக்கம், கறுப்புக்கு முன்னால் வைத்தான். இருபத்தைந்து வருஷம்.

அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும், சுடிதாருக்குக் கீழே புத்தம்புது ஷூ, தோளில் துணிப்பை. நேரே என்னிடம், இத்தனை பேரில் என்னிடம், "சார், இது எங்க வெக்கிறது? எம் பேரு பூங்கோதை. இன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட்டு. நீங்கதான் பாக்க விவரமா இருக்கீங்க" என்றாள். விவரமா இருக்கீங்க. என் முதுகு தானாக நிமிர்ந்தது. பலகை, இடுக்கு, முதல் நாலு பேர், பதினோரு பாயிண்டு, இரண்டு வித்தியாசம், எல்லாவற்றையும் சொன்னேன், கிச்சனைப் பற்றி ஓர் உபன்யாசமே செய்தேன், "அதுக்குள்ள மட்டும் காலு வெக்கவே கூடாது, ரொம்பப் பேர் அங்கதான் தப்பு பண்றாங்க" என்றேன். பனியன்காரனுக்குப் புரையேறியது. கடைசியில்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குள் அவள் கோதண்டம் காலி செய்த இடுக்கில், என் மட்டைக்குப் பக்கத்தில், சொருகிவிட்டாள். "இங்க காலியா இருக்கே சார்" என்றாள். யாராவது எழுந்து வரிசை என்று ஒன்று இருக்கிறதம்மா என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவர் வாய் திறக்கவில்லை. அந்த இடத்துக்கு ஓர் ஆள் கிடைத்ததில் எல்லாருக்கும் அவ்வளவு நிம்மதி. நானும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், காலையிலிருந்து என் மட்டைக்குப் பக்கத்தில் தானாக வந்த முதல் மட்டை. ஆனால் நான் பார்த்தது அதன் முகத்தில் இன்னும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை. பிரிக்கவே இல்லை. கைப்பிடியில் விலை அட்டை தொங்குகிறது. சும்மா வீசிப் பார்க்கிறேன் என்று அவள் கையை வீசியதில் பெஞ்சிலிருந்த அந்த மகளின் தண்ணீர் பாட்டில் உருண்டு போயிற்று. இவளோடு உள்ளே போனால் ஐந்து என்ன, ஒன்றுகூட வராது. பதினொன்றுக்கு சைபர். பனியன் பார்ப்பான். கோதண்டம் பார்ப்பான். அவள் பாட்டிலை எடுக்கக் குனிந்தாள். என் கை எழுந்தது. நான் எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன், கைதான். மட்டையை எடுத்தது, வாய் அருகே கொண்டு வந்தது, நான் ஊதினேன். அப்பா, மகள், பேங்க்காரர், மூன்று மட்டைகளையும் தாண்டிக் கோதண்டத்தின் மட்டைக்கு முன்னால் இடம் பண்ணிச் சொருகினேன். திரும்பினால் அவள் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ, எனக்காகவா சார் விட்டுக் குடுத்தீங்க?" என்றாள். உள்ளே ஆட்டம் முடிந்து ஸ்டெல்லா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், யாரோ "நெக்ஸ்ட் ஃபோர்" என்று கூப்பிட்டார்கள், அவள் பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கிழித்து எறிந்துவிட்டு ஓடினாள். நான் உட்கார்ந்தேன். பெஞ்சு குத்தியது, நகரவில்லை, குத்தட்டும். முப்பத்தோரு வருஷம் எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், திருட்டுக் கம்பி போட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இப்போது கண்ணாடி இருந்தால் பார்க்கலாம். பனியனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, என் சிநேகிதனை மனசுக்குள் எத்தனை பேச்சுப் பேசினேன், அவனாவது ஊதவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. உள்ளே அவள் முதல் பந்தை வானத்துக்கு அடித்தாள். இரண்டாவதை அந்த மகளின் அப்பா முதுகில் அடித்தாள், அவர் அவளுடைய கூட்டாளி. மூன்றாவதைத் தொடவில்லை. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள், அந்த அப்பாவும் சிரித்தார், பேங்க்காரர் சட்டை வெளியே வந்தது தெரியாமல் சிரித்தார், பந்து தப்பித் தவறி அவள் மட்டையில் பட்டு வலையைத் தாண்டியபோது எதிர்ப்பக்கத்து மகள் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை அவள் கால் கிச்சனுக்குள் போயிற்று. ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள், நான் என்னவோ அந்த விதியைக் கண்டுபிடித்தவன் மாதிரி. பதினொன்றுக்கு ஒன்று.

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள். பேங்க்காரர் மணி பார்த்துக்கொண்டு ஓடிவிட்டார். அவள் ஒழுங்காக, நான் சொல்லிக் கொடுத்தபடி, வரிசையின் கடைசிக்குப் போய் மட்டையைச் சொருகிவிட்டு என்னிடம் வந்தாள். "சார், வந்த ஒடனே ஆடிட்டேன், உங்களாலதான். எங்க வீட்டுக்காரரு வாசல்லயே தொரத்திடுவாங்கன்னு சொன்னாரு. அடுத்த வாட்டி உங்களோட ஆடணும் சார், நீங்க சொல்லிச் சொல்லிக் குடுத்தா எனக்கு வந்துரும்" என்றாள். "நெக்ஸ்ட் ஃபோர்" என்றார்கள். முதலில் என்னுடையது, அப்புறம் கோதண்டம், அப்புறம் கறுப்பு, அப்புறம் சிவப்பு. என்னிடமிருந்து தப்பிக்கப் பின்னால் ஓடிய மூன்று பேரும் வசமாக வந்து மாட்டியிருக்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் இதை வீட்டுக்குப் போய் மரகதத்திடம் மூன்று தடவை சொல்லியிருப்பேன். எழுந்தேன். மட்டையை எடுத்தேன். ஊதவில்லை. பனியன்காரன் கோர்ட்டுக் கதவில் கை வைத்தபடி என்னையே பார்த்தான். கோதண்டம் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்திருந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஸ்டெல்லா சிஸ்டர், எனக்குப் பதிலா நீங்க போங்க. நான் அப்புறமா இந்த அம்மாவோட ஆடறேன்" என்றேன். ஸ்டெல்லா "வெரி குட்" என்று துண்டை என் தோளில் எறிந்துவிட்டுப் போனார். பலகையோரமாக நடந்து கடைசி இடுக்குவரை போய், அவளுடைய மட்டைக்குப் பக்கத்தில், விலை அட்டை என் மட்டை மேல் விழுகிற நெருக்கத்தில், என்னுடையதைச் சொருகினேன். இன்னும் இரண்டு ஆட்டம் காத்திருக்க வேண்டும், நாற்பது நிமிஷம் ஆகும், ஆகட்டும். எனக்குப் பின்னால் கதவருகே மூன்று பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அதில் சத்தமாக விட்டது கோதண்டம்.